வெளி ரத்தம்

கல்யாணமாகி நான் செஞ்சிக்கு வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. வந்தது வேற்று வீட்டுக்கு இல்லை. என் அம்மாவின் அண்ணன் வீடு. சின்ன வயதில் லீவுக்கு வந்து ஓடியாடின வீடு. மாமாவின் மகனையே எனக்குக் கட்டிவைத்தார்கள். மாமாவும் தன் சொந்த அக்காவின் மகளைக் கட்டியவர். அவருடைய அப்பா கட்டியதும் அத்தை மகளைத்தான். என் மாமியாரை அக்கா என்று கூப்பிடுவதா அத்தை என்று கூப்பிடுவதா என்று சிறுமியாக இருந்தபோது நான் தடுமாறியிருக்கிறேன். கல்யாணத்துக்குப் பிறகு அத்தை என்றே நிலைத்துவிட்டது. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவர், "நம்ம ரத்தம் நம்ம வூட்லயே நின்னுச்சி" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

ஆனால் ரத்தம் என்ற சொல்லை அந்த வீட்டில் நான் அதிகம் கேட்டது நாய்களைப் பற்றிய பேச்சில்தான்.

மாமா மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஆட்டி எண்ணெய் எடுக்கும் மில் வைத்திருந்தார். மில்லுக்கும் வீட்டுக்கும் ஒரே காம்பவுண்டு. பின்பக்கம் நின்று பார்த்தால் ராஜகிரிக் கோட்டை முழுதாகத் தெரியும். மலை என்று சொல்கிறோமே தவிர, அது ஒன்றன்மேல் ஒன்றாகக் கொட்டிவைத்த பாறைகள். எப்போது விழும் என்று சின்ன வயதில் கேட்டுக்கொண்டே இருப்பேனாம். அந்தப் பின்பக்கத்தில் செங்கல் வைத்துக் கட்டிய இரண்டு நாய் அறைகள் இருந்தன. உள்ளே இரண்டு இராஜபாளையத்து நாய்கள், ஆண் ஒன்று, பெண் ஒன்று. உடம்பில் ஒரு பொட்டுக்கூடக் கலப்பில்லாத வெள்ளை. மூக்கு ரோஜா நிறம். கண்கள் வெளுத்த தேன் நிறம். வெயிலில் அவற்றின் காது மடலுக்குள் ஓடும் நரம்புகள்கூடத் தெரியும்.

மாமா அவற்றைத் தெற்கே போய் ஒரு பெரிய வீட்டிலிருந்து குட்டியாக வாங்கிவந்தார். விழுப்புரம்வரை ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்ததாகச் சொல்வார். யார் வீட்டுக்கு வந்தாலும் முதலில் பின்பக்கம் அழைத்துக்கொண்டு போய்க் காட்டுவார். "ஜாதி நாய்ன்னா இதான். மூக்கப் பாருங்க. கறுப்பு மூக்கு வந்திச்சின்னா எங்கியோ கலந்துட்ச்சின்னு அர்த்தம்." மில் வாசலில் காது கிழிந்த செம்பட்டை நாய் ஒன்று எப்போதும் படுத்திருக்கும். மில்லில் வேலை செய்தவர்கள் அதற்குச் சோறு போடுவார்கள். மாமா அதைக் கண்டால் கல்லெடுப்பார். கடிக்கும் என்பதற்காக இல்லை. பெண்நாயின் பக்கம் வந்துவிடும் என்பதற்காக. பின்பக்கக் கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள் போட்டிருந்தார்.

நான் வந்த வருஷம் மார்கழியில் பெண்நாய் குட்டி போட்டது. எட்டுக் குட்டிகள். நானும் என் நாத்தனாரும் பார்க்க ஓடினோம். அவளுக்கு அப்போது பதினோரு வயது. ஐந்து குட்டிகள் தும்பைப்பூ மாதிரி இருந்தன. மூன்றுக்கு உடம்பில் வெளிர் பழுப்புத் திட்டு. ஒன்றுக்குக் காதோரம், ஒன்றுக்கு முதுகில், ஒன்றுக்கு வாலடியில். நாத்தனார் முதுகில் திட்டு இருந்ததைக் கையில் எடுத்து, "இது எனுக்கு" என்றாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் மாமா ஒரு கோணிப்பையோடு வந்தார். குட்டிகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, திட்டு இருந்த மூன்றையும் பைக்குள் போட்டார். அவருடைய முகத்தில் கோபம் இல்லை. மில்லில் சொத்தைப் பருப்பைப் பொறுக்கும்போது எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. தாய்நாய் அவர் கையை நக்கிக்கொண்டிருந்தது.

"எங்க மாமா எடுத்துனு போறீங்க?" என்று கேட்டேன்.

"கொளத்துக்கு."

 கோட்டைக்குள் செட்டிகுளம் இருக்கிறது. சைக்கிளில் பையை மாட்டிக்கொண்டு போனார். அரைமணி நேரத்தில் திரும்பிவந்து, கைகால் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். நாத்தனார் அழுதாள். "கலப்புக் குட்டி வளந்தா நாளைக்கு அதுவும் குட்டி போடும். ஊர்ல நம்ம நாய்க்கு கெட்ட பேரு வரும்" என்று அவளுக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னார். அத்தை ரசம் ஊற்றினாள். அது இலைக்கு வெளியே போனதை நான் பார்த்தேன். அப்போது அதற்கு நான் எந்தக் காரணமும் தேடவில்லை.

பக்கத்து வீட்டில் ஜைனக் குடும்பம். அந்த வீட்டுக்காரர் விதைநெல் வியாபாரம் செய்பவர், பல தலைமுறையாகச் செஞ்சிப் பக்கத்து மனிதர். சாயங்காலம் காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு மாமாவைக் கூப்பிட்டார்.

"மில்லுக்காரரே, கண்ணு தொறக்காத உசிருங்க அதுங்க. இன்னொரு தபா இப்டி ஆச்சின்னா இந்தச் செவுத்து மேல வெச்சிடுங்க. நான் பாத்துக்கறேன்."

"நீங்க எறும்புக்கும் பாக்கறவரு. எனுக்கு அது ஆவாது" என்று மாமா சிரித்தார். ஜைன வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. உள்ளே போய்விட்டார்.

குட்டிகள் இரண்டு மாதம் ஆனபோது நடந்ததை நான் மறக்கவில்லை. கழுவிய பாத்திரங்களைப் பின்பக்கம் வெயிலில் காயவைக்க எடுத்துக்கொண்டு போனேன். வெள்ளைக் குட்டிகள் ஐந்தும் சுவரோரம் ஒன்றன்மேல் ஒன்று படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தன. பித்தளைத் தாம்பாளம் என் கையிலிருந்து நழுவிக் கருங்கல் தரையில் விழுந்தது. எனக்கே காது அடைத்துப்போனது. மூன்று குட்டிகள் அலறிக்கொண்டு ஓடின. இரண்டு அப்படியே தூங்கின. செத்துவிட்டனவோ என்று கிட்டே போய்ப் பார்த்தேன். வயிறு ஏறி இறங்கியது. தாம்பாளத்தை எடுத்து அவற்றின் தலைக்குப் பக்கத்தில் மறுபடியும் தட்டினேன். அசையவில்லை. விரலால் தொட்டேன். உடனே துள்ளி எழுந்து என்னைப் பார்த்து வாலாட்டின.

இதை என் கணவரிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை நின்றது.

"நைனா கிட்ட சொல்லாத" என்றார்.

"ஏங்க?"

"சொல்லாதன்னா சொல்லாத."

அவர் எப்போதும் அப்படிப் பேசுகிறவர் இல்லை. நான் சொல்லவில்லை. ஆனால் விஷயம் வேறு வழியில் வந்தது. சிங்கவரத்தில் நிலபுலன் உள்ள ஒருவருக்கு மாமா ஒரு குட்டி கொடுத்திருந்தார். ஒரு மாதத்தில் அவர் மாட்டுவண்டியில் வந்து அதைத் திருப்பி விட்டுவிட்டுப் போனார். "எவ்ளோ கூப்டாலும் வரமாட்டேங்குது. வாசல்ல திருடன் வந்து நின்னாலும் தூங்குது. காது மந்தம் போலிருக்குது." மாமா அவர் போனதும், "அவனுக்கு நாய் வளக்கத் தெரியல. ஜாதி நாய் கண்டவன் கூப்ட்டா திரும்புமா?" என்றார். அதற்குப் பிறகு அந்தக் குட்டியை அவர் ஒருநாளும் குரல் கொடுத்துக் கூப்பிடவில்லை. கிட்டே போய்க் கையால் தொட்டு எழுப்புவார். நான் கவனித்தேன். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று அதில்தான் எனக்குப் புரிந்தது.

கடைசியில் எங்களிடம் தங்கியது அதே ஈத்தில் பிறந்த ஒரு பெட்டைக் குட்டி, அதற்குக் காது கேட்டது. அதோடு காது கேளாத ஆண் கடுவன்கள் இரண்டு.

அடுத்த வருஷம் நான் கர்ப்பமானேன். நான்காம் மாதம், வயிறு லேசாகத் தெரியத் தொடங்கியிருந்தது. அந்தப் பெட்டைக் குட்டியும் வளர்ந்துவிட்டது. அதை அதன் அப்பனோடு சேர்க்கப்போவதாக மாமா சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கு முன் உடம்பைப் பார்த்துவிடட்டும் என்று மாட்டு டாக்டரை அழைத்திருந்தார். டாக்டர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், சின்ன வயது. பெட்டையைப் பார்த்து முடித்துவிட்டு நிமிர்ந்தவர், கொஞ்சம் தள்ளித் தூங்கிக்கொண்டிருந்த கடுவன்களையே பார்த்தார். கையைத் தட்டினார். பிறகு அவற்றின் பின்னால் போய் நின்று, அங்கிருந்த தகர வாளியைக் காலால் உதைத்தார்.

"இதுங்களுக்குக் காது கேக்கல சார்."

"தூங்குதுங்க."

"தாயும் தகப்பனும் எங்க வாங்கினது?"

"ஒரே வூட்ல. ஒரே ஈத்து. சுத்தம்னா சுத்தம்."

டாக்டர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். "அண்ணனையும் தங்கச்சியையும் சேத்திருக்கீங்க. அதுல பொறந்தத இப்ப அப்பனோட சேக்கப் போறேங்கறீங்க. ஒரு ரத்தத்துல இருக்கற கோளாறு அதே ரத்தத்தோட சேரச் சேர மேல வந்துடும். வெளி ரத்தம் கொண்டாங்க. கலப்பு வேணாம்னா வேணாம், இதே ஜாதியில வேற ஊரு நாயாப் பாருங்க."

நான் காப்பியோடு அங்கே வந்து நின்றிருந்தேன். மாமா சிரித்தார். "டாக்டரு, எங்க குடும்பத்துல மூணு தலமொறயா வெளிய பொண்ணு குடுத்ததும் இல்ல எடுத்ததும் இல்ல. நாங்க இன்னா கெட்டுப் பூட்டோம்? இதோ நிக்குதே, என் தங்கச்சி பொண்ணுதான் என் மருமவ."

டாக்டர் என்னைப் பார்த்தார். என் வயிற்றைப் பார்த்தார். சட்டென்று கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

"மனுஷங்களப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல சார்."

சொல்லியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. காப்பி டம்ளரை வைத்துவிட்டுத் திரும்பினேன். சமையலறை வாசலில் அத்தை நின்றிருந்தாள்.  நான் எதையோ கேட்பதற்குள் உள்ளே போய் அடுப்பை ஊதத் தொடங்கினாள். அடுப்பு நன்றாக எரிந்துகொண்டிருந்தது.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. வயிற்றின்மேல் கைவைத்துக்கொண்டு வீட்டின் சத்தங்களையெல்லாம் கேட்பேன். மில் ஓடும் சத்தம், பஸ் ஹாரன், கிணற்றுக் கப்பியின் கிறீச். இதெல்லாம் உள்ளே போய்ச் சேருமா என்று நினைப்பேன். அசட்டுத்தனம் என்று எனக்கே தெரியும். என் கணவரிடம் கேட்டால் பேச்சை மாற்றினார்.

மாமா டாக்டர் சொன்னதைக் கேட்கவில்லை. பெட்டையை அதன் அப்பனோடு சேர்த்தார்.

அது நடந்து இரண்டு வாரம் இருக்கும். காலை பத்துமணி. மில் லாரி புண்ணாக்கு மூட்டை ஏற்றுவதற்காகக் காம்பவுண்டுக்குள் பின்னோக்கி வந்தது. கேளாத கடுவன்களில் ஒன்று லாரி நிற்கும் இடத்து நிழலில் படுத்திருந்தது. டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டேதான் வந்தான். மில்லில் இருந்தவர்கள் கத்தினார்கள். நாய் தூங்கியது. பின்சக்கரம் ஏறியது.

நானும் அத்தையும் ஒன்றாகத்தான் அதைப் பார்த்தோம். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அத்தை மண்ணில் உட்கார்ந்திருந்தாள்.  தூக்கப் போனேன், எழுந்திருக்கவில்லை. மாமா டிரைவரைத் திட்டிக்கொண்டு ஓடிவந்தவர், அத்தையைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். அவளை நெருங்கவில்லை. மில்லுக்குள் போய்விட்டார்.

அத்தையை உள்ளே அழைத்துவந்து தண்ணீர் கொடுத்தேன். சுவரில் சாய்ந்துகொண்டாள். அப்புறம் தானாகச் சொன்னாள்.

"எம் பெரிய பொண்ணு ஞாபகம் இருக்குதா உனுக்கு?"

எனக்கு மங்கலாகத்தான் இருந்தது. என் கணவருக்கு மூத்தவள். எனக்கு நாலு வயதிருக்கும்போது செத்துப்போனாள். ரெட்டைப் பின்னல், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போவாள், அவ்வளவுதான். காய்ச்சலில் போய்விட்டாள் என்று அம்மா சொல்லியிருக்கிறாள்.

"காய்ச்சல் இல்ல. அவளுக்கு காது கேக்காது. பேச்சும் வராது. பொறந்ததுலருந்தே. ஊர்ல யாருக்கும் தெரியக்கூடாதுன்னு வெளிய அனுப்பறதே இல்ல. ஒருநாளு கதவு தெறந்திருந்திச்சி. ரோட்டுக்கு ஓடிட்டா. திண்டிவனம் பஸ்ஸு. டிரைவரு ஹாரன் அட்ச்சானாம். எல்லாரும் கத்துனாங்களாம்." டம்ளரைத் தள்ளி வைத்தாள். "ஒன்பது வயசு."

என் கை என்னை அறியாமல் வயிற்றுக்குப் போனது. அவள் அதைப் பார்த்தாள்.

"உன்ன பொண்ணு கேட்டப்ப நான் வேணாம்னேன். ஒங்கம்மாவுக்கும் தெரியும். அவளும் ஒத்துக்கினா. நான் ஒருத்தி இன்னா செய்ய முடியும்."

அம்மாவுக்கும் தெரியும் என்று அவள் சொன்னது எனக்கு உறைக்கவே சற்று நேரமானது.

என் கணவர் மத்தியானம் சாப்பிட வந்தார். இலை போடாமல் அவர் எதிரில் உட்கார்ந்தேன்.

"உங்க அக்காவுக்கு காது கேக்காதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "நான்தான் அன்னிக்கி கதவ தெறந்தது" என்றார்.

அவருக்கு அப்போது ஏழு வயது. பட்டம் விடுவதற்காக ஓடியிருக்கிறார். அக்கா பின்னாலேயே வந்ததை அவர் பார்க்கவில்லை.  நான் எழுந்து சோறு போட்டேன். அவர் சாப்பிடாமல் கை கழுவிக்கொண்டு போனார்.

எனக்கு ஆறாம் மாதம் நடக்கும்போது அந்தப் பெட்டை குட்டி போட்டது. பகல் முழுவதும் போட்டது. ஏழு குட்டி. எல்லாம் வெள்ளை. ஒரு திட்டுகூட இல்லை. மாமா தெருவுக்கே கேட்கும்படி, "பாத்தியா, சுத்தம்" என்றார். நான் அந்தப் பக்கம் போகக்கூடாது என்று அத்தை சொல்லியிருந்தாள். ஆனால் பால் குடிக்க முடியாமல் அவை போட்ட சத்தம் வீடெல்லாம் கேட்டது. சத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது, ஒரு சீறல். மறுநாள் காலையில் என்னால் இருக்க முடியவில்லை, போனேன். இரண்டு செத்துக்கிடந்தன. ஒன்றின் மூக்கிலிருந்து பால் வழிந்துகொண்டிருந்தது. மாமா அதைத் தூக்கிப் பெருவிரலால் வாயைத் திறந்து பார்த்தார். மேலண்ணம் நடுவில் பிளந்திருந்தது. அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். அதற்கும் அப்படியே. அடுத்தது. ஒவ்வொன்றின் வாயையும் திறந்து பார்த்தார். நான் நிற்பது அவருக்குத் தெரியும். என்னை நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

கோணிப்பையை எடுத்துக்கொண்டு வந்தவரை அத்தை வழியில் நிறுத்தினாள்.

"இப்ப வெள்ளையும் கொளத்துக்கா?"

அவர் சைக்கிள் எடுக்காமல் நடந்தே போனார். பெட்டை அவர் பின்னால் ஓடி, கதவு மூடியிருந்ததால் அங்கேயே நின்று கதவைப் பிறாண்டியது. அன்றைக்கு மாமா திரும்பிவரப் பொழுது சாய்ந்துவிட்டது. வேட்டி முழங்கால்வரை நனைந்து காய்ந்திருந்தது. சாப்பாடு வேண்டாம் என்றார்.

வளைகாப்பு முடிந்து என்னைப் பனமலைக்கு, அம்மா வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். அங்கே ஏரிக்கரைக் காற்று, கேட்டதெல்லாம் செய்துகொடுக்க ஆள். ஆனாலும் நான் அம்மாவிடம் ஒரு மாதம்வரை சரியாகப் பேசவில்லை. ஒருநாள் கேட்டேவிட்டேன். தெரிந்துமா என்னைக் கொடுத்தாய் என்று. அம்மா முறத்தை வைத்துவிட்டு, "என் அண்ணன் கேட்டப்ப நான் எப்டி இல்லன்னு சொல்லுவேன்?" என்றாள். அவளைப் பொறுத்தவரை அது போதுமான பதில்.

பெண்குழந்தை பிறந்தது. மருத்துவச்சி கையில் அது வீறிட்டு அழுதபோது எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுவதற்குக் காது வேண்டியதில்லை. நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ வாசல் கதவு காற்றில் அறைந்து மூடிக்கொண்டது. குழந்தை கைகால் உதறித் திடுக்கிட்டு அழுதது. நானும் அழுதேன். அன்று முழுவதும் எத்தனை தடவை கதவைச் சாத்தினேன் என்று தெரியாது. அம்மா என்னைத் தடுக்கவில்லை. மூலையில் உட்கார்ந்து அவளும் அந்தக் குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குழந்தைக்கு ஐந்தாம் மாதம் நடக்கும்போது செஞ்சிக்குத் திரும்பினேன். நான் இல்லாதபோது அங்கே ஒன்று நடந்திருந்தது. முதல் ஜோடியில் இருந்த தாய்நாய் மறுபடி பருவத்துக்கு வந்த நாட்களில், மாமா திண்டிவனம் போயிருந்த ஒரு மத்தியானம், அத்தை பின்பக்கக் கதவின் இரண்டு தாழ்ப்பாளையும் நீக்கித் திறந்துவிட்டிருக்கிறாள். மில் வாசலில் கிடந்த அந்தச் செம்பட்டை நாய் உள்ளே வந்துபோயிருக்கிறது. இதை அவளே என்னிடம் சொன்னாள். "தெரிஞ்சேதான் தெறந்தேன்" என்றாள்.

நான் வந்த பத்தாம் நாள் அது குட்டி போட்டது. ஆறு. செம்பட்டை மூன்று, பழுப்பு இரண்டு, கறுப்பு மூக்கோடு சாம்பல் வரி போட்டது ஒன்று. முட்டி மோதிக் குடித்தன. மாமா வந்து பார்த்தார். யார் கதவைத் திறந்தது என்று கேட்கவில்லை. கோணிப்பையை எடுத்துவந்தார்.

அத்தை நாய் அறை வாசலில் போய் நின்றாள். என் மகள் என் இடுப்பில் இருந்தாள்.

"எடுங்க. ஆனா நானும் கொளத்துக்கு வர்றேன்" என்றாள் அத்தை. "ஒரு தபா வெள்ள இல்லன்னு போட்டீங்க. ஒரு தபா வாயி சரியில்லன்னு போட்டீங்க. இதுங்களுக்கு இன்னா கொற? எனுக்கு எடுத்துச் சொல்லுங்க."

"கலப்பு" என்றார் மாமா. 

"நம்ம பொண்ணு சுத்தமாத்தான பொறந்தா."

அந்தப் பெண்ணைப் பற்றி அந்த வீட்டில் யாரும் வாய்திறந்து பேசியது அதுதான் முதல் தடவை என்று என் கணவர் பிறகு சொன்னார். மாமா கையிலிருந்த பையை மடித்தார். மறுபடி பிரித்தார். மறுபடி மடித்தார். அப்புறம் சுவரருகே போய் ஜைன வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். "உங்க கிட்ட வுட்டுடறேன். பால்குடி மறந்ததும் எடுத்துக்கங்க. எந்த வூட்டுதுன்னு யாராச்சும் கேட்டா தெருவுதுன்னு சொல்லுங்க."

"சரி" என்றார் அவர். 

அதற்குப் பிறகு மாமா நாய்களைச் சேர்க்கவில்லை. இருந்தவை கிழடாகிச் செத்தன.

மகள் பிறந்து மூன்று வருஷம் கழித்து மகன் பிறந்தான். தீபாவளிக் காலையில் வாசலில் வெடி வெடித்தபோது மகள் காதைப் பொத்திக்கொண்டு என் முந்தானைக்குள் புகுந்தாள். நான்கு மாதக் குழந்தையாகப் பாயில் கிடந்த அவன், தன் கைவிரல்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அடுத்த வெடிக்கும் அப்படியே. எனக்குத் தெரிந்துவிட்டது. அவ்வளவு நாள் பயந்ததெல்லாம் அந்த நிமிஷத்தில் நின்று, வேறொன்று தொடங்கியது. மெட்ராஸில் காட்டினோம். டாக்டர் சோதித்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "சொந்தத்துலயா கல்யாணம்?" என் கணவர் ஆமாம் என்றார்.

என் மகனைப் பற்றி யாரும் பரிதாபப்பட வேண்டியதில்லை. படித்தான், கடைசல் வேலை கற்றான், அவனுக்கென்று குடும்பம் இருக்கிறது. நாங்கள் அவனை உள்ளே வைத்துப் பூட்டவில்லை. அவனை முதலில் வெளியே அழைத்துப் போனது மாமாதான். நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து தினமும் காலையில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு கடைத்தெரு முழுக்கப் போவார். பஸ் வரும்போது நின்று அவனைத் தன் உட்பக்கம் மாற்றிக்கொள்வார். யாராவது பேச்சுக் கொடுத்தால், "என் பேரன். காது கேக்காது" என்று அவரே சொல்லிவிடுவார். என்னிடமோ அத்தையிடமோ அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. தப்பு செய்துவிட்டேன் என்று சொல்லமாட்டாரா என்று நான் பல நாள் காத்திருந்தேன். சொல்லவில்லை.

அறுபதுகள் முடியும் சமயம், அவன் இன்னும் சின்னப் பையனாக இருந்தபோதே, நாத்தனாருக்குக் கல்யாண வயது வந்துவிட்டது. அத்தையின் தம்பி மகனுக்கென்று பிறந்தபோதே பேசிவைத்த பெண். ஒரு வெள்ளிக்கிழமை அவர்கள் பூ, பழத்தட்டோடு பதினைந்து பேர் வந்து கூடத்தில் உட்கார்ந்தார்கள். என் அம்மாவும் வந்திருந்தாள். மாமா எல்லோரையும் காப்பி குடிக்கவிட்டார். பிறகு, "பொண்ண வெளிய பாக்கலாம்னு இருக்கறேன்" என்றார்.

யாருக்கும் புரியவில்லை. அத்தையின் தம்பி, "எதுனா எங்க மேல மனஸ்தாபமா மாமா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்ல. வெளிய பாக்கலாம்னு இருக்கறேன்."

"காரணம் சொல்லுங்க."

மாமா என்னைப் பார்த்தார். என் மகன் அவர் மடியில் உட்கார்ந்து அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான். அவன் எதிரில், அவனுக்குக் கேட்காது என்றாலும், அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "எனுக்கு இஷ்டமில்ல" என்றார்.

தட்டுகளை எடுத்துக்கொண்டு அவர்கள் எழுந்தார்கள். மில் வைத்திருக்கிற திமிர் என்று வாசலில் ஒருவர் சத்தமாகவே சொன்னார். பெரிய இடம் பார்க்கிறான், நாம் கண்ணுக்குத் தெரிவோமா என்றார் இன்னொருவர். மாமாவுக்கு அதெல்லாம் காதில் விழுந்தது. மறுக்கவில்லை. அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். என் அம்மாவும் அவர்களோடேயே கிளம்பிப் போனாள்.

அடுத்த வருஷம் திருவண்ணாமலைப் பக்கத்தில், எங்களுக்கு எந்த விதத்திலும் உறவில்லாத ஒரு வீட்டில் நாத்தனாரைக் கொடுத்தோம். கல்யாணத்துக்குச் சொந்தக்காரர்களில் பாதிப்பேர் வரவில்லை. பெண்வீட்டுப் பந்தியில் ஒரு வரிசை இலை முழுவதும் ஆளில்லாமல் கிடந்தது. பரிமாற நின்றவர்கள் என்ன செய்வதென்று என்னைப் பார்த்தார்கள். அத்தை வந்து அந்த இலைகளைப் பார்த்தாள். மில்லில் வேலை செய்கிறவர்களைக் கூப்பிட்டு அங்கே உட்காரச் சொன்னாள். நான் சாம்பார் வாளியை எடுத்துக்கொண்டு முதல் இலைக்குப் போனேன்.